பதற்றத்தில் திறக்கும் பெட்டி

வீட்டில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால், அந்த இரவு வரைக்கும் "ஓ, இருக்கிறதே" என்றுதான் சொல்லியிருப்பேன். அலமாரியின் மேல்தட்டில், ஒரு காலத்தில் ஷூ வந்த அட்டைப்பெட்டி. மூடியை மூட முடியாத அளவுக்கு உள்ளே மருந்து.

மணி பதினொன்று இருக்கும். பாத்திரம் கழுவும்போது கண்ணாடித் தம்ளர் கைக்குள்ளேயே உடைந்து, மனைவிக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கம் ஆழமாகக் கிழித்துவிட்டது. "ஒண்ணுமில்ல, பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள். அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. பதறியது நான். இழுத்த வேகத்தில் பாதிப் பொருள்கள் தலைமேல் கொட்டின, மிச்சத்தை மேஜையில் கவிழ்த்தேன். அரையும் குறையுமாக மாத்திரை அட்டைகள், பெயர் அழிந்துபோன மூன்று களிம்பு ட்யூப்கள், அடி ஒட்டிக்கொண்ட இருமல் மருந்துக் குப்பி, பேட்டரி தீர்ந்த தெர்மாமீட்டர், அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி, எந்தக் காய்ச்சலுக்கு எழுதியது என்றே தெரியாத மருந்துச் சீட்டுகள். பிளாஸ்டர் ஏழெட்டு கிடைத்தன. ஒன்றைப் பிரித்தேன், பசை காகிதத்திலேயே தங்கிவிட்டது. அடுத்ததும் அப்படியே. கத்தரிக்கோல் இருக்கவேண்டிய இடம் காலி. மகள் பள்ளி வேலைக்கு எடுத்துப்போயிருந்தாள். கடைசியில் கையில் அகப்பட்டது ஒரு பஞ்சுச் சுருள். அதைப் பிய்த்துக் காயத்தில் திணித்து, கைக்குட்டையால் கட்டி, நிமிடத்துக்கு ஒருதரம் அவிழ்த்து "நின்னுடுச்சா?" என்று பார்த்தேன்.

நான்கு தையல் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் செவிலியர் ஒருவர் வெகுநேரம் சாமணத்தை வைத்துக்கொண்டு காயத்துக்குள்ளிருந்து பஞ்சு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "பஞ்ச யாரு வெச்சது?" என்று கேட்டார். மனைவி பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் அந்தப் பெட்டியைப் பிரித்து எண்ணினேன். அறுபதுக்கு மேல் பொருள்கள். அவற்றில் முந்தின இரவு உதவியது ஒன்றுகூட இல்லை. பணக்கஷ்டத்தாலோ அக்கறை இல்லாமலோ நேர்ந்தது இல்லை அது. வாங்கியதெல்லாம் வாங்கியபடியே இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை எந்த நேரத்தில், எந்தக் கை திறக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. நடுங்குகிற கை, ஈரமான கை, சில நேரம் ஒற்றைக் கை, பாதித் தூக்கத்தில் இருக்கும் கண். இவற்றுக்காகத்தான் இந்தப் பெட்டியே என்பது புரிந்த பிறகு மற்றதெல்லாம் தானாகவே முடிவானது.

முதல் முடிவு, மருந்தையும் காயத்துக்கானதையும் பிரிப்பது. மாத்திரையைத் தேடுகிறவருக்கு அவசரம் குறைவு. உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, பெயரைப் படித்து எடுக்கலாம், படித்துத்தான் எடுக்கவும் வேண்டும். ரத்தத்தை நிறுத்தத் தேடுகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. அதனால் இரண்டும் இப்போது இரண்டு டப்பாக்களில். மருந்து டப்பா, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டோடு. காயத்துக்கான டப்பா, குழந்தைக்கும் எட்டுகிற உயரத்தில் பூட்டில்லாமல். இதைக் கேட்டுப் பலர் புருவம் உயர்த்தினார்கள். நான் விழுந்து கிடக்கும்போது ஒன்பது வயது மகள்தான் வீட்டில் இருக்கிறாள் என்று வையுங்கள், அவள் ஸ்டூல் போட்டு ஏறவேண்டுமா என்ன?

காயத்துக்கான டப்பாவில் முதல் மரியாதை வலைபோல நெய்த மெல்லிய காஸ் துணிக்கு. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் கிருமிநீக்கி அடைத்தது. பஞ்சு காயத்தின்மேல் நேராகப் படக்கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும். (இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்லிவிட்டேன்.) காஸை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, முழுசாகப் பத்து நிமிடம் எடுக்காமல் இருக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். ரத்தம் உறைவது என்பது மெல்லிய வலை பின்னுவதுபோல. ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் பின்னிய வலையைப் பிய்த்துவிடுகிறோம். அந்த இரவு நான் செய்தது அதுதான், ஐந்தாறு முறை பிய்த்தேன். துணி நனைந்து ரத்தம் வெளியே வந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் நன்றாக அழுத்துவது. அப்படியும் நிற்காவிட்டால், அல்லது பீய்ச்சியடித்தால், அழுத்திய கையை எடுக்காமலேயே அவசர உதவியைக் கூப்பிடவேண்டியதுதான். கண்ணாடித் துண்டோ வேறெதுவோ காயத்தில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக்கூடாது. அதுவே அடைப்பாகவும் இருக்கும். அதன் இரு பக்கமும் அழுத்தம் கொடுத்து, அப்படியே கூட்டிப்போகவேண்டும்.

அப்புறம் சுருள் பேண்டேஜ், விரலுக்கு 5 சென்டிமீட்டர் அகலம், கைகாலுக்கு 10 சென்டிமீட்டர். கையால் கிழிக்கக்கூடிய காகித டேப் ஒன்று. கத்தரிக்கோல் தேவைப்படாத எதுவும் எனக்கு இப்போது பிடிக்கிறது. ஆனாலும் கத்தரிக்கோல் வேண்டும். முனை மழுங்கியது, துணியை வெட்டும் பலம் உள்ளது. அதை டப்பாவின் மூடியோடு ஒரு கயிற்றால் கட்டியே வைத்துவிட்டேன். வங்கியில் பேனாவைக் கட்டிவைப்பார்களே, அப்படி. மகளுக்கு இதில் வருத்தம்.

பிளாஸ்டரைப் பற்றி ஒரு சின்னக் கதை. 1920-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசஃபின் சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். ஒற்றைக் கையால் துணியும் டேப்பும் வைத்துக் கட்டுவது முடியாத காரியம். டிக்சன் நீளமான ஒட்டுநாடாவின் நடுவே காஸ் துண்டுகளை வைத்து, பசை காயாதபடி மேலே ஒரு துணியை மூடிச் சுருட்டி வைத்தார். தேவையானபோது ஜோசஃபினே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அதுதான் பேண்ட்எய்ட். உதவிக்கு வேறு யாரும் இல்லாத ஒருவர் ஒற்றைக் கையால் போட்டுக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே பிறந்த பொருள் அது. என் வீட்டுப் பெட்டியில் அதன் பசை செத்துப்போய்க் கிடந்தது. பிளாஸ்டருக்கும் காலாவதி தேதி உண்டு என்பதையே நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். உறையின் ஓரத்தில் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும்.

இப்போது புதிதாக வாங்கியதும் ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையாலும் பல்லாலும் மட்டும் உறையைப் பிரிக்க முடிகிறதா என்று பார்ப்பது. வழுவழு பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் தோற்றுவிடும். காகித உறைகள் தப்பிக்கும்.

காயத்தைக் கழுவ என்ன வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் காசைக் கொட்டுகிறார்கள். சின்னக் காயத்துக்குச் சுத்தமான ஓடும் தண்ணீருக்கு மேல் ஒன்றும் இல்லை. மண், தூசி போகும்வரை ஐந்து நிமிடம் குழாயடியில் காட்டினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவதைப் பார்த்தால் கிருமி சாகிற திருப்தி வரும், ஆனால் அது காயத்தை ஆற்றவரும் நல்ல செல்களையும் சேர்த்தே எரிக்கிறது. ஸ்பிரிட்டும் அப்படித்தான். இரண்டையும் வெளியே எடுத்துவிட்டேன். பொவிடோன் அயோடின் ஒரு சின்னக் குப்பி மட்டும், காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு. அயோடின் ஒவ்வாதவர்களும் தைராய்டு சிக்கல் உள்ளவர்களும் அதைத் தொடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காயத்தின் வாய் திறந்தே நின்றாலோ, மூட்டின்மேலோ முகத்திலோ இருந்தாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ தையலுக்குப் போய்விடவேண்டும். காலையில் போய்க்கொள்ளலாம் என்று இரவெல்லாம் விடக்கூடாது. போகும்போது கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று அங்கே கேட்பார்கள். எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. இப்போது மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தீக்காயத்துக்கு இந்தப் பெட்டியில் அநேகமாக ஒன்றுமே இல்லை. வேண்டியது குழாய். சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். ஐஸ் கூடாது, பற்பசை கூடாது, வெண்ணெய் கூடாது, மை கூடாது. வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், வாட்சு எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும். கொப்புளத்தை உடைக்கக்கூடாது. இருபது நிமிடம் என்று எழுதுவது சுலபம். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் பட்டபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்காவது நிமிடத்திலேயே "போதும், சரியாகிவிட்டது" என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிட்டது. எட்டாவது நிமிடம் கால் வலித்தது. பன்னிரண்டாவது நிமிடம் தண்ணீர் வீணாகிறதே என்று குற்றவுணர்ச்சி. ஆனால் தோலின் மேற்பரப்பு ஆறிய பிறகும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதைத்தான் அந்தத் தண்ணீர் இழுக்கிறது. உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. அதற்கப்புறம் மூட, சமையலறையில் இருக்கும் மெல்லிய ஒட்டு பிளாஸ்டிக் தாள் போதும். முதல் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததை நீளவாக்கில் மேலே போர்த்தவேண்டும், கையைச் சுற்றி இறுக்கிச் சுற்றக்கூடாது. உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், முகம், கை, பிறப்புறுப்பு, மின்சாரம் அல்லது ரசாயனத்தால் வந்தது என்றால் நேரே மருத்துவமனை. கைக்குழந்தை என்றால் அளவைப் பார்க்கவே வேண்டாம்.

மருந்து டப்பாவுக்கு வருகிறேன். இதில் என் கொள்கை, குறைவாக இருந்தால் நல்லது. பாராசிட்டமால், ஒவ்வாமைக்கு செட்டிரிசின், வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி, வீட்டில் இருப்பவர்கள் தினமும் சாப்பிடும் மருந்துகள். ஆன்டிபயாடிக் கிடையாது. போன தடவை மிச்சம் வைத்தது இந்தத் தடவைக்கு ஆகும் என்ற நம்பிக்கையை முதலில் குப்பையில் போட்டேன். மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிப்பறையில் கொட்டாமல், மருந்துக்கடையில் திரும்பப் பெறுகிறார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுவதுதான் சரி.

பாராசிட்டமாலை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. அதுதான் சிக்கல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, இதுதான் மேல்வரம்பு. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் குறைவு. ஜலதோஷத்துக்கு என்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இதையும் அதையும் சேர்த்து விழுங்குகிறவருக்குக் கணக்கு தவறிப்போவது தெரியவே தெரியாது. கல்லீரல் பாதிப்பு உடனே வெளியே காட்டாது என்பதால் இது இன்னும் மோசம்.

குழந்தைகளின் சிரப்பில் நான் ஒரு தடவை தப்பிப் பிழைத்தேன். அப்போது மகளுக்கு 14 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுக்கணக்கு. வீட்டில் இருந்த குப்பியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். மருத்துவர் 8 மில்லி என்று எழுதியிருந்தார், அதாவது 192 மில்லிகிராம். சரியாக வருகிறது. அது தீர்ந்து, வேறொரு ஊரில் இரவில் அவசரமாக வாங்கிய குப்பியில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் இருந்தது. அதே நிறம், அதே வாசனை, கிட்டத்தட்ட அதே படம் போட்ட அட்டை. வழக்கம்போல 8 மில்லி ஊற்றிக் கையில் எடுத்துவிட்டேன். 400 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேலே. மூடியைத் திருகும்போது அட்டையின் எண் கண்ணில் பட்டது தற்செயல். எதையும் கவனமாகப் படிக்கிற ஆள் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அதிலிருந்து சிரப் வீட்டுக்குள் வந்ததும் குப்பியின்மேல் காகித டேப் ஒட்டி, 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், மகளின் எடை, மருத்துவர் சொன்ன அளவு, எடை பார்த்த தேதி, எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறேன். அளக்க ஊசியில்லா சிரிஞ்சு. சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போவதில்லை. கொடுத்த நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறிக்கவேண்டும். இரவு ஒரு மணிக்கு நான் கொடுத்ததை மறந்து இரண்டு மணிக்கு மனைவியும் கொடுப்பாள், இரண்டு பேருமே அரைத்தூக்கத்தில். ஆஸ்பிரினைக் குழந்தைகள், பதின்வயதினர் பக்கமே கொண்டுபோகக்கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் ரே நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய் வரக்கூடும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தநாளம் வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சாவு வெகுவாகக் குறைந்தது. குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே நுழையும்போது சோடியத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும், இவை இரண்டின் பின்னால் தண்ணீர் போகும். அதனால்தான் அளவு முக்கியம். பாக்கெட்டில் சொன்ன தண்ணீருக்கு முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்கவேண்டும். ஒரு தம்ளரில் பாதி பாக்கெட்டைத் தட்டிக் கலக்கினால் கரைசல் கெட்டியாகி, குடலுக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கம் இழுக்கும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பாக்கெட் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடவே கூடாது, சந்தேகம் வந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

தெர்மாமீட்டர், டிஜிட்டல். உடைந்து பாதரசம் தரையில் உருள்கிற கதை இனி வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் காய்ச்சல். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த எண் வந்தால் வீட்டு வைத்தியம் கிடையாது, உடனே மருத்துவர்.

சரி, பயணம்.

பயணப் பெட்டி என்பது வீட்டுப் பெட்டியின் சுருக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை நீண்ட பேருந்துப் பயணத்தில் மகள் வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். ஓ.ஆர்.எஸ்., வாந்தி மாத்திரை, துடைக்கும் காகிதம், மாற்றுத்துணி எல்லாம் மறக்காமல் எடுத்து வைத்திருந்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, சாமான் வைக்கும் அறையில், பெரிய பெட்டியின் அடியில். ஓட்டுநர் அடுத்த நிறுத்தம் வரை நிறுத்த முடியாது என்றார், அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஒரு மணி நேரம் ஒரு பாலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பயண வாந்திக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும் என்பதும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதும் அன்றைக்குச் சேர்த்துக் கற்றது.

இப்போது பயணத்துக்கு இரண்டு பைகள். உள்ளங்கை அளவில் ஒன்று, மடியிலோ தோளிலோ இருக்கும். அதில் நான்கு பிளாஸ்டர், இரண்டு காஸ், பாராசிட்டமால், வாந்தி மாத்திரை, ஒரு ஓ.ஆர்.எஸ்., இரண்டு பாலித்தீன் பை, அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை மூன்று நாளுக்கு. மற்றதெல்லாம் பெரிய பையில். தினமும் சாப்பிடும் மருந்தை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுப்பது. பெட்டி தொலைந்துபோவது எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும். இன்சுலினை விமானத்தின் சாமான் பகுதிக்கு அனுப்பக்கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். கத்தரிக்கோல், சாமணம் போன்றவை எதிர்மாறாக, கைப்பையில் இருந்தால் சோதனையில் பிடுங்கப்படலாம் என்பதால் அனுப்பும் பெட்டிக்குள். கைப்பையில் திரவத்துக்கு 100 மில்லி வரம்பு பல விமான நிலையங்களில் உண்டு, மருந்துக்கு விலக்கு கிடைக்கும், மருத்துவர் சீட்டு கூட இருக்கவேண்டும்.

இடத்தை மிச்சம் பிடிக்க மாத்திரை அட்டையை வெட்டுவார்கள், நானும் வெட்டினேன். காலாவதி தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தை வெட்டிப் போட்டுவிட்டால் மிச்சம் பெயரும் தேதியும் இல்லாத வெள்ளை வட்டங்கள்தான். வெட்டுவதென்றால் தேதி இருக்கும் பக்கத்தைப் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு என்றால் வெட்டவே வேண்டாம், முழு அட்டை, கூடவே சீட்டு. ஒரு நாட்டில் சாதாரணமாக விற்கும் ஜலதோஷ மாத்திரை இன்னொரு நாட்டில் தடையாக இருக்கும். ஜப்பானுக்குள் சூடோஎஃபிட்ரின் அதிகமுள்ள மருந்தையோ, கோடீன் கலந்ததையோ சும்மா எடுத்துப்போக முடியாது. மருந்தை வணிகப் பெயரில் ஞாபகம் வைப்பதும் எல்லை தாண்டினால் உதவாது. பாராசிட்டமாலையே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று சொன்னால்தான் எடுத்துக்கொடுப்பார்கள்.

பயணத்தில் அதிகமாகக் கை கொடுத்தது எது என்று கேட்டால் தயங்காமல் கிரேப் பேண்டேஜ், அதாவது இழுத்தால் நீளும் சுருள்கட்டு என்பேன். மலைப்பாதையில் இறங்கும்போது அக்காவுக்குக் கணுக்கால் பிசகியது. உட்கார வைத்து, காலணியைக் கழற்றி, பாதத்தைத் தொண்ணூறு டிகிரியில் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். விரல்களின் அடியிலிருந்து ஆரம்பித்து, பாதத்தை இரண்டு சுற்று, பிறகு கணுக்காலின் குறுக்கே ஏறி, பின்னால் சுற்றி, குதிகாலுக்குக் கீழே இறங்கி, எட்டு போட்டதுபோல. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடியபடி. இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்ற ஆசை வரும், பேண்டேஜை அதன் நீட்சியில் பாதி வரைக்கும் இழுத்தால் போதும். முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளிறிய நகம் இரண்டு வினாடிக்குள் சிவக்கவேண்டும். சிவக்கவில்லை. "அடேய், காலு மரத்துப்போச்சுடா" என்றாள் அக்கா. அவிழ்த்து மறுபடி தளர்வாகச் சுற்றினேன், சிவந்தது. காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியாவிட்டால் எலும்பு முறிவா என்று படம் எடுத்துப் பார்க்கவேண்டும். அக்கா நான்கு அடி வைத்தாள், ஐந்தாவது அடியில் என்னைத் திட்டினாள்.

முக்கோணத் துணியும் ஒன்று இருக்கட்டும். அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தொட்டில் கட்ட, கட்டுப்போட, வெயிலில் தலைக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் போர் மருத்துவர் எஸ்மார்க் இதைப் பரப்பியபோது, துணியின்மேலேயே எப்படிக் கட்டுவது என்று படங்களை அச்சிட்டார். படிக்கத் தெரியாத சிப்பாயும் பார்த்துக் கட்டலாம். இன்றைய பெட்டிகளில் வழிமுறை தனிப் புத்தகமாக, எட்டு மொழிகளில், பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

மூடியின் உள்பக்கம் நான் ஒட்டியிருக்கும் தாளில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன ஒவ்வாது, தினமும் என்ன மருந்து, யாரைக் கூப்பிடவேண்டும், அந்த ஊரின் அவசர எண், நச்சு ஆலோசனை மையம் இருந்தால் அதன் எண். ரத்த வகையை எழுதிவைப்பதில் பலருக்கு ஆர்வம், ஆனால் எங்கும் மறுபடி பரிசோதிக்காமல் ரத்தம் ஏற்றமாட்டார்கள். பென்சிலின் ஆகாது என்ற ஒரு வரிக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

இன்னொன்று, பெட்டிக்குள் அடங்காதது. இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்புக்கு நானும் மனைவியும் போனோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். பொம்மையின்மேல் இரண்டு நிமிடம் அழுத்தியதும் எனக்கு மூச்சு வாங்கியது. புத்தகத்தில் படித்தபோது அந்த ஆழம் எவ்வளவு என்று புரிந்திருக்கவில்லை.

வைக்கும் இடம்: குளியலறை வேண்டாம், ஈரம். அடுப்புக்கு மேல் வேண்டாம், சூடு. கார் டேஷ்போர்டு வெயிலில் அடுப்புக்குச் சமம். வீட்டுப் பெட்டியின்மேல் மகள் ஆசையாகச் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தாள். அது ஜெனீவா ஒப்பந்தங்களின்படி போர்க்கள மருத்துவச் சேவையைக் காக்கும் சின்னம், யாரும் தன்னிஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது, முதலுதவிக்கு உள்ள அடையாளம் பச்சையில் வெள்ளைச் சிலுவை என்று விளக்கினேன். "அப்ப என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்களா?" என்றாள். பச்சைத் தாள் வாங்கித் தந்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம். காலாவதி மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு. கண் சொட்டுமருந்து திறந்த 28 நாளில் குப்பைக்கு, எவ்வளவு மிச்சமிருந்தாலும். தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்ப்பது. எடுத்ததை எழுத ஒரு சின்ன நோட்டு, பென்சில் கயிற்றில் கட்டியது. இது மனைவியின் யோசனை, யாரும் எழுதமாட்டார்கள் என்று நான் சொல்லியிருந்தேன்.

போன வாரம் திறந்தபோது மனைவியின் எழுத்தில் இரண்டு வரி, அப்பாவின் எழுத்தில் ஒரு வரி இருந்தது. என்னுடையது ஒன்றும் இல்லை, காஸில் மட்டும் இரண்டு குறைந்திருந்தது. கடைசி வரி மகளுடையது: "பிளாஸ்டர் 3. பக்கத்து வீட்டுத் தம்பி விழுந்துட்டான். கழுவிட்டுத்தான் போட்டேன். கத்தரிக்கோல் எடுக்கல."